நேற்றைத் திருத்தாத பாஷை

சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு விஷயம் புலப்படும். அது தேதியை மாற்றுவதே இல்லை. நாம்தான் காலையில் எழுந்து ஒரு தாளைக் கிழிக்கிறோம். கிழிபட்ட தாளில் இருக்கும் தேதி கிழிபட்ட பிறகும் அதே தேதிதான். பால் கணக்கு எழுதினாலும், விபூதி மடித்தாலும், அதிலுள்ள 14 என்பது 15 ஆகிவிடாது. 15 முன்னமே அடியில் காத்துக்கொண்டிருந்தது. இதற்கு நேர் விரோதமானது பள்ளிக்கூடத்துக் கரும்பலகை. அதன் மூலையில் தினமும் ஒரு பையன் பழைய தேதியைத் துடைத்துவிட்டுப் புதிய தேதியை எழுதுவான். துடைத்தது போனது போனதுதான். நேற்று என்ன எழுதியிருந்தது என்று கரும்பலகையைக் கேட்டுப் பயனில்லை.

கம்ப்யூட்டருக்கு வேலை சொல்வதற்கென்று மனிதர்கள் உண்டாக்கியிருக்கும் பாஷைகளிலும் இந்த இரண்டு வகை உண்டு. பெரும்பாலானவை கரும்பலகை வகை. காலண்டர்த் தாள் வகையைச் சேர்ந்த ஹாஸ்கெல் என்ற பாஷையைப் பற்றி, அதிலும் அது தேதியையும் நேரத்தையும் நடத்துகிற மரியாதையைப் பற்றி, இங்கே கொஞ்சம் சொல்ல உத்தேசம். கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். கதை எழுதுகிறவனுக்குக் காலத்தைத் தவிர வேறு என்ன மூலதனம் இருக்கிறது? "ஓர் ஊரில் ஒரு ராஜா" என்று ஆரம்பித்தால்கூட, ஊருக்கு முன்னால் "ஒரு காலத்தில்" வந்து நின்றுகொள்கிறது.

இந்தப் பாஷை எனக்கு அறிமுகமானது என் அக்காள் மகன் மூலமாக. கடன் கொடுக்கும் ஸ்தாபனங்களுக்கு வட்டிக் கணக்கும் தவணைக் கணக்கும் போடும் ப்ரோகிராம் எழுதுவது அவன் உத்தியோகம். ஹாஸ்கெல் கர்ரி என்ற அமெரிக்கத் தர்க்க அறிஞரின் பெயரிலிருந்து பாஷைக்குப் பெயர் வந்தது. அவர் 1900-ல் பிறந்து 1982-ல் காலமானவர். கர்ரி என்றதும் நம் நாக்கு வேறு எதையோ நினைத்துக்கொள்ளும். அந்தக் கறிக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. 1987-ல் அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில் கூடிய சில ஆராய்ச்சியாளர்கள், இப்படிப் பல பாஷைகள் ஆளுக்கொன்றாக வளர்ந்துகொண்டிருப்பதைவிட எல்லோருக்கும் பொதுவாக ஒன்று இருக்கட்டும் என்று தீர்மானித்தார்கள். 1990-ல் அதன் முதல் இலக்கணம் வெளியாயிற்று.

இதைச் 'சார்பு' முறைப் பாஷை என்பார்கள். பள்ளிக்கூடக் கணக்கில் படித்த அதே சார்புதான். மாவு மில் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசி போட்டால் அரிசி மாவு வரும்; எத்தனை தரம் போட்டாலும் அதே அரிசிக்கு அதே மாவு. மில்காரர் கோபமாக இருக்கிறார் என்பதற்காகக் கேழ்வரகு மாவு வந்துவிடாது. ஆனால் இந்த மில்லில் ஓர் அதிசயம் உண்டு. மாவு கைக்கு வந்த பிறகும், நாம் கொண்டுபோன அரிசி தூக்கில் அப்படியே இருக்கும்! ஒரு தேதியைக் கொடுத்து, "இதோடு பத்து நாள் சேர்" என்றால் புதிதாக இன்னொரு தேதி கிடைக்கும். கொடுத்த தேதிக்கு ஒரு கீறல்கூட விழாது.

கீறல் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜாவா என்ற பிரசித்தமான பாஷையின் பழைய தேதிகள் உதாரணம். அவை கரும்பலகைகள். ப்ரோகிராமின் ஒரு பகுதி தன்னிடமிருந்த தேதியைக் கணக்குப் பார்ப்பதற்காக இன்னொரு பகுதியிடம் கொடுக்கும். வாங்கியவன் தன் சௌகரியத்துக்கு அதில் ஒரு வாரத்தைக் கூட்டிக்கொள்வான். கொடுத்தவன் திரும்பிப் பார்த்தால் அவனுடைய தேதியும் மாறியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு இரவல் கொடுத்த கடிகாரத்தை அவர் திருப்பி வைக்க, நம் வீட்டில் பொழுது விடிந்த கதை! போதாதற்கு அதில் ஜனவரி மாதத்துக்கு எண் 0, டிசம்பருக்கு 11. கடைசியில் 2014-ல் வந்த எட்டாம் பதிப்பில் ஜாவாக்காரர்களும் மாற்ற முடியாத தேதிகளைக் கொண்டுவந்தார்கள்.

ஹாஸ்கெலில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. என் மருமகப்பிள்ளை ஒரு நாள் என்னைக் கேட்டான்:

"மாமா, தீபாவளியையும் பொங்கலையும் கூட்டினால் என்ன வரும்?"

"கடன் வரும்" என்றேன்.

"அது உங்க விடை. ஹாஸ்கெல் என்ன சொல்லும் தெரியுமா? இப்படிக் கேட்கவே கூடாதுன்னு சொல்லிடும்."

அவன் சொன்னது நியாயம். ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியைக் கழிக்கலாம். இத்தனை நாள் என்று வரும். தேதியோடு நாட்களைக் கூட்டலாம். இன்னொரு தேதி வரும். தேதியோடு தேதியைக் கூட்டுவதற்கு அர்த்தமே இல்லை. மயிலாப்பூர் விலாசத்திலிருந்து மாம்பலம் விலாசத்துக்கு எவ்வளவு தூரம் என்று கேட்கலாம். இரண்டு விலாசத்தையும் கூட்டினால் எந்தத் தபால்காரர் போய்ச் சேருவார்? தேதி என்பது ஒரு ஜாதிப் பொருள், கால அளவு என்பது வேறு ஜாதிப் பொருள் என்று ஹாஸ்கெல் முதலிலேயே பிரித்து வைத்திருக்கிறது. இரண்டையும் குழப்பி எழுதினால் ப்ரோகிராம் ஓட ஆரம்பிக்கும் முன்பே நிறுத்திவிடும். முகத்துக்கு நேரே முட்டாள் என்று சொல்லும் சிநேகிதனைப்போல அது அப்போது எரிச்சல்தான் மூட்டும். பின்னால் நன்றி தோன்றும்.

ஆனால் எவ்வளவு பிரித்து வைத்தாலும் தீராத விவகாரம் ஒன்று இருக்கிறது. அதற்கு 'மாதம்' என்று பெயர். நாள் என்றால் நாள். வாரம் என்றால் ஏழு நாள். மாதம் என்றால் என்ன? ஜனவரி 31-ந் தேதி கடன் வாங்கியவர் 'ஒரு மாதத்தில்' முதல் தவணை கட்டவேண்டும். பிப்ரவரிக்கு 31 கிடையாது. அவர் எப்போது கட்டுவது?

ஹாஸ்கெலின் தேதி நூலகத்தில் இதற்கு ஒரு விடை அல்ல, இரண்டு விடை வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்குக் கிளிப் என்று பெயர், அதாவது கத்தரித்துவிடுவது. 2005-ம் வருஷத்து ஜனவரி 31-ல் ஒரு மாதம் சேர்த்தால், மிஞ்சியதைக் கத்தரித்து, பிப்ரவரி 28 என்று சொல்லும். மற்றொன்றுக்கு ரோல் ஓவர் என்று பெயர். உருண்டு போகட்டும் என்று விடுவது. பிப்ரவரியில் இடமில்லாத மூன்று நாளும் உருண்டுபோய் மார்ச் 3 என்று விடை வரும். எது சரி? இரண்டும் சரி. எது உன் விருப்பம் என்று வாயைத் திறந்து சொல்லாமல் மேலே போகமுடியாது, அதுதான் விசேஷம். பிப்ரவரி 31 என்று ஒரு தேதியை நேரடியாகக் கொடுத்தால்கூட இரண்டு வாசல் உண்டு. ஒரு வாசலில் சத்தமில்லாமல் மாதக் கடைசி நாளாக ஆக்கி உள்ளே விட்டுவிடுவார்கள். இன்னொரு வாசலில் "அப்படி ஒன்று இல்லை" என்று திருப்பி அனுப்புவார்கள்.

இது வெறும் வேடிக்கை அல்ல. மாதாமாதம் கத்தரித்துக்கொண்டே போனால் நடப்பதைப் பாருங்கள். ஜனவரி 31 பிப்ரவரி 28 ஆகிறது. அந்த 28-ஐ வைத்துக்கொண்டு அடுத்த மாதத்தைச் சேர்த்தால் மார்ச் 28. அப்புறம் ஏப்ரல் 28. பிப்ரவரியில் ஒரு தரம் இழந்த மூன்று நாளை மனிதர் ஆயுள் முழுக்கத் திரும்பப் பெறமாட்டார். சம்பளம் 30-ந் தேதி கைக்கு வருகிறவர் தவணையை 28-ல் கட்டவேண்டுமென்றால் மாதம் தவறாமல் அபராதம்தான். ஆனால் கடன் வாங்கிய முதல் தேதியிலிருந்தே எண்ணி, "ஜனவரி 31-லிருந்து இரண்டு மாதம்" என்று கேட்டால் மார்ச் 31 என்று ஒழுங்காக வரும். முதல் தேதியை யாரும் அழித்துவிடாமல் இருந்தால்தான் அப்படிக் கேட்கமுடியும். மாற்ற முடியாத தேதியின் அருமை இங்கேதான் தெரிகிறது. நேற்றைத் திருத்தாதவனுக்குத்தான் நாளைக் கணக்குச் சரியாக வரும் என்று என் மருமகப்பிள்ளை சொல்லவில்லை. அவன் எழுதிய ப்ரோகிராமில் யாரோ முகம் தெரியாத மனிதர்களின் அபராதம் தப்பியிருக்கிறது என்று மட்டும் சொன்னான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

உள்ளுக்குள்ளே ஹாஸ்கெல் தேதியை எப்படி வைத்துக்கொண்டிருக்கிறது என்று விசாரித்தேன். வருஷம், மாதம், தேதி என்று மூன்று டப்பாக்கள் இருக்கும் என்பது என் யூகம். அப்படி இல்லை. ஒரே ஓர் எண். 1858-ம் வருஷம் நவம்பர் 17-ந் தேதிக்குப் பூஜ்யம். மறுநாள் 1. அதற்கு முந்தின நாள் கழித்தல் 1. விக்டோரியா மகாராணியின் பிரகடனம் வெளியான 1858 நவம்பர் 1-ந் தேதிக்கு எண், கழித்தல் 16. இந்தியா சுதந்திரம் பெற்ற 1947 ஆகஸ்டு 15-க்கு 32412. அதை ஏழால் வகுத்தால் மீதி 2. பூஜ்ய நாள் புதன்கிழமை. இரண்டு தள்ளினால் வெள்ளிக்கிழமை. நாம் சுதந்திரம் பெற்றதும் வெள்ளிக்கிழமைதான்!

ஏன் 1858? அந்தத் தேதியில் பெரிய சம்பவம் எதுவும் நடந்துவிடவில்லை. ஸ்காலிஜர் என்ற பிரெஞ்சு அறிஞர் 1583-ல் வகுத்த காலச் சக்கரத்தை ஒட்டி, கி.மு. 4713-லிருந்து நாட்களை எண்ணிக்கொண்டு வருவது வானியலாரின் வழக்கம். அந்த எண்ணிக்கை 24 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 1957-ல் ரஷ்யர்கள் ஸ்புட்னிக்கைப் பறக்கவிட்டபோது, அதன் பாதையைக் கம்ப்யூட்டரில் குறித்துக்கொண்டிருந்த அமெரிக்க வானியல் நிலையத்தாருக்கு இவ்வளவு பெரிய எண் இடத்தை அடைத்தது. முன்னாலிருக்கும் 24 லட்சத்தை வெட்டினார்கள். நண்பகலில் நாள் ஆரம்பிக்கும் பழைய வழக்கத்தை விட்டு நள்ளிரவுக்கு மாற்ற அரை நாளையும் சேர்த்து வெட்டினார்கள். மிஞ்சிய இடத்தில் 1858 நவம்பர் 17 வந்து பூஜ்யமாக உட்கார்ந்துகொண்டது.

இதைக் கேட்டதும் எனக்கு நம்முடைய பஞ்சாங்கக்காரர்கள் ஞாபகம் வந்தது. அவர்களும் இதையேதான் செய்தார்கள். கலியுகம் பிறந்த நாளிலிருந்து இன்றுவரை எத்தனை நாள் கழிந்தது என்ற ஒரே எண்ணைக் கைப்பிடித்துக்கொண்டு கிரகங்களின் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். அகர்கணம் என்று அதற்குப் பெயர். கலியுகம் பிறந்தது கி.மு. 3102 பிப்ரவரி 18 என்று கணக்கு, அதுவும் வெள்ளிக்கிழமை. அங்கிருந்து ஹாஸ்கெலின் பூஜ்யம் 18,11,535 நாள் தூரம். இந்த ஒரே எண்ணைக் கழித்தாலோ கூட்டினாலோ பஞ்சாங்கக்காரரும் ப்ரோகிராம்காரரும் ஒருவர் கணக்கை ஒருவர் வாசித்துக்கொள்ளலாம்.

வாக்கியப் பஞ்சாங்கம் என்று சொல்கிறோமே, அதன் வாக்கியங்கள் உண்மையில் எண்களின் பட்டியல். எழுத்துக்கு ஓர் எண் என்று வைத்து, சந்திரன் இருக்கும் இடத்தை 248 வாக்கியங்களில் அடைத்திருக்கிறார்கள். இன்ன நாள் எண்ணைக் கொடுத்தால் இன்ன வாக்கியம். அதே நாளைக் கொடுத்தால் என்றைக்கும் அதே விடை. சார்பு என்பது இதைத் தவிர வேறென்ன? 1825-ல் சென்னையில் 'கால சங்கலித' என்ற ஆங்கிலப் புஸ்தகத்தை வெளியிட்ட ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி, புதுச்சேரியில் தாம் கண்ட ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி, அவ்வருஷம் மே 31-ந் தேதி இரவு நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் கொடுத்தார். ஆரம்பத்தைச் சொன்னதில் பிசகு நாலே நிமிஷம். முடிவைச் சொன்னதில் ஐம்பது நிமிஷத்துக்கு மேல் பிசகியது என்பதையும் சொல்லிவிடவேண்டும். கையில் காகிதமில்லை, பென்சிலில்லை, சோழிதான் கம்ப்யூட்டர்.

நாள் விஷயம் இப்படி என்றால் நேரத்தின் விஷயம் இன்னும் சிக்கல். ஹாஸ்கெலில் 'கணம்' வேறு, 'கடிகாரம் காட்டுவது' வேறு. கணம் என்பது உலகத்துக்கெல்லாம் ஒன்று, அதை யூ.டி.ஸி. என்ற பொது நேரத்தில் குறிப்பார்கள். கடிகாரம் காட்டுவது ஊருக்கு ஊர் மாறும். 1947-ல் நள்ளிரவு 12 மணிக்கு நாம் சுதந்திரம் பெற்ற அதே கணம், பொது நேரப்படி ஆகஸ்டு 14-ந் தேதி மாலை 6-30. கணத்தை மட்டும் பார்க்கிற யந்திரத்துக்கு நம் சுதந்திர தினம் முந்தின நாள் சாயங்காலம்! ஒன்றை மற்றொன்றாக மாற்றவேண்டுமானால் எந்த இடத்தின் நேரம் என்று சொல்லித்தான் ஆகவேண்டும். இடம் சொல்லாத மணிக்கு ஹாஸ்கெல் அந்தஸ்துக் கொடுப்பதில்லை.

நம் தேசத்திலேயே எத்தனை மணி இருந்தது! 19-ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவுக்கு ஒரு நேரம், பம்பாய்க்கு ஒரு நேரம், சென்னைக்கு ஒரு நேரம். இரண்டுக்கும் நடுவாக இருக்கிறதென்று ரயில்கள் சென்னை நேரத்தில் ஓடின. நுங்கம்பாக்கத்து வானாய்வுக் கூடத்திலிருந்து புறப்பட்ட அந்த நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷமும் சில விநாடிகளும் முந்தியது. 1906 ஜனவரி 1-ந் தேதி முதல்தான் ஐந்தரை மணி கணக்கு வந்தது. யுத்த காலத்தில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுவரை, கடிகாரங்களை ஒரு மணி முன்னால் தள்ளிவைத்து ஆறரை மணியாக்கினார்கள். 1943-ல் பிறந்தவர்கள் ஜாதகத்தைக் கையில் எடுக்கும் ஜோசியர், ஒரு மணி கழித்தாயிற்றா என்று இன்றும் கேட்பது இதனால்தான். ஹாஸ்கெலின் நூலகத்தில் ஓர் ஊர் நேர வித்தியாசத்தை முழு நிமிஷங்களில்தான் சொல்லமுடியும். ஆகவே பழைய சென்னை நேரத்தின் அந்தச் சில விநாடிகளுக்கு அங்கே இடமில்லை. உலகத்துக் கம்ப்யூட்டர்கள் பார்த்துக்கொள்ளும் ஊர்ப் பட்டியலிலும் இந்தியா முழுவதற்கும் கல்கத்தாவின் பெயர்தான் இருக்கிறது. ரயில்களை நடத்திய சென்னை, இன்று மணி கேட்கக் கல்கத்தாவின் பெயரைச் சொல்லவேண்டும்.

இந்தக் கணத்துக்கும் கடிகாரத்துக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் வீட்டில் ஒரு மனஸ்தாபத்துக்குக் காரணமாக இருந்தது. என் தகப்பனார் ஒரு கார்த்திகை மாதத்தில், இரவு 2 மணி 10 நிமிஷத்துக்குக் காலமானார். நகராட்சி கொடுத்த சர்ட்டிபிகேட்டில் புதன்கிழமைத் தேதி இருக்கிறது. ஆஸ்பத்திரிக் காகிதத்திலும் அதுவே. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "பொழுது விடியறதுக்கு முன்னாலே போனார். விடிஞ்சாத்தானே புதன்? அவர் செவ்வாயிலேதான் போனார்" என்றாள். அவளுடைய கணக்கில் நாள் சூரியோதயத்தில் பிறக்கிறது. நள்ளிரவில் பிறக்கும் நாள் வெள்ளைக்காரன் நாள். அண்ணா நியூ ஜெர்ஸியில் இருந்தான். அங்கே அப்போது செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3-40. அவனும் செவ்வாய் என்றே சொன்னான். அம்மாவும் அவனும் ஒரே கிழமையைச் சொன்னார்கள். ஆனால் காரணம் வேறு வேறு.

வருஷங்கள் போகப் போக இது வளர்ந்தது. தலைச்சன் பிள்ளை என்ற முறையில் அண்ணாதான் திதி கொடுக்கவேண்டும். அவன் அங்குள்ள கோவிலில், அங்குள்ள பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கொடுப்பான். ஒரு வருஷம் அது நம் ஊர்ப் பஞ்சாங்கம் சொன்ன நாளுக்கு முந்தின நாளில் விழுந்தது. "அவன் கொடுத்தது இவருக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா?" என்று அம்மா தவித்தாள். தவிப்பு என்னிடம் வந்தது; என்னிடமிருந்து டெலிபோனில் அண்ணாவிடம் போயிற்று. அண்ணா நொந்துகொண்டான். "கடைசியிலே முகத்தைத்தான் பார்க்கக் கொடுத்துவைக்கலை. இதையும் தப்பாச் செஞ்சேன்னு சொல்றீங்களா?" என்றான். அதற்கப்புறம் சில மாதங்கள் அவன் அம்மாவோடு பேசியதெல்லாம் மருந்து வாங்கியாயிற்றா, பணம் வந்ததா என்ற அளவில் நின்றுபோயிற்று.

என் அக்காள் மகன் ஒரு விடுமுறைக்கு வந்திருந்தபோது அம்மாவே அவனிடம் இதைக் கேட்டாள். பேரன் ஏதோ தேதிக் கணக்கில்தானே வேலை பார்க்கிறான் என்ற நம்பிக்கை. அவன் மடியில் இருந்த யந்திரத்தில் ஒரே ஒரு கணத்தை எழுதினான். அதை நம் ஊர் நேரமாக்கினான்: புதன், இரவு 2-10. நியூ ஜெர்ஸி நேரமாக்கினான்: செவ்வாய், பிற்பகல் 3-40. பொது நேரம்: செவ்வாய், இரவு 8-40. மூன்று வரிகளையும் பாட்டிக்குப் படித்துக் காட்டினான்.

பிறகு திதி விஷயத்துக்கு வந்தான். திதி என்பது கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வதல்ல. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே உள்ள கோணம். பன்னிரண்டு பாகைக்கு ஒரு திதி. ஒரு திதி ஏறக்குறைய 20 மணி நேரத்திலும் முடியும், 26 மணிக்கு மேலும் நீளும். அந்தக் கோணம் எந்தக் கணத்திலும் உலகத்துக்கெல்லாம் ஒன்றுதான். தாத்தா போன கணத்தில் மதுரையில் எந்தத் திதியோ அதே திதிதான் நியூ ஜெர்ஸியிலும். அதிலே பேதமில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்தத் திதி எந்தக் கிழமையில் விழுகிறது என்பது மட்டும் அந்தந்த ஊர்ச் சூரியனைப் பொறுத்தது. ஆகவே பெரிய மாமா அங்கே அந்த ஊர் நாளில் கொடுப்பதும் சரி, இங்கே நாம் வேறு நாளில் கும்பிடுவதும் சரி.

அம்மா நெடுநேரம் பேசாமலிருந்தாள். "அப்போ, இங்கே ராத்திரியிலே ஒரு தரம் போனார், அங்கே பகலிலே ஒரு தரம் போனார்னு இல்லையே. ஒரே தரந்தானே போனார்?" என்றாள்.

"ஒரே தரந்தான் பாட்டி."

"அவனும் அந்த நிமிஷத்திலேதான் அப்பனைத் தோத்திருக்கான். பாவம், பட்டப்பகலிலே நாலு பேர் நடுவிலே உட்கார்ந்துண்டு" என்று சொல்லிவிட்டு, டெலிபோனைப் போட்டுக் கொடுக்கச் சொன்னாள். நான் வெளியே வந்துவிட்டேன். அன்று அவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள்.

கணக்கு இத்தனை சுத்தமாக இருந்தாலும் பூமி அதற்குக் கட்டுப்படுவதில்லை. அதன் சுழற்சி சீராக இல்லாததால் 1972 முதல் 2016 முடிய 27 தடவை ஒரு விநாடியைச் செருகியிருக்கிறார்கள். கடைசியாகச் செருகிய விநாடி நமக்கு 2017 ஜனவரி 1 காலையில் வந்தது: 5 மணி 29 நிமிஷம் 60-வது விநாடி! ஹாஸ்கெல் ஒரு நாளுக்கு 86,401 விநாடி இருக்கலாம் என்று இடம் விட்டிருக்கிறது. ஆனால் சாதாரணக் கழித்தலில் நாளொன்றுக்கு 86,400 என்றே வைத்துக்கொள்கிறது. இரண்டு விதக் கால அளவுக்கும் இரண்டு பெயர். 2035-க்குள் இந்தச் செருகும் வழக்கத்தை விட்டுவிடுவதென்று உலக அளவை மகாநாடு 2022-ல் தீர்மானித்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்கு ரொம்பவும் பிடித்துப்போனது, 'இப்போது' என்ற சொல்லை ஹாஸ்கெல் நடத்துகிற விதம். ஒரு சார்புக்குள்ளே உட்கார்ந்துகொண்டு, "இப்போது மணி என்ன?" என்று கேட்க அங்கே அனுமதியில்லை. காரணம் சுலபம். அதே கேள்வியைக் கேட்டால் அதே விடை வரவேண்டும் என்பது சட்டம். மணி என்ன என்ற கேள்விக்கு ஒவ்வொரு தரமும் வேறு விடைதானே வரும்? ஆகவே 'இப்போது' என்பது அங்கே பொருள் அல்ல. வெளி உலகத்துக்குப் போய்க் கொண்டுவரவேண்டிய ஒரு காரியம். வாசலில் இருக்கிற பகுதி வெளியே எட்டிப் பார்த்து மணியைத் தெரிந்துகொண்டு வரும். உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கும். ஒருவர் வயதைக் கணக்கிடும் சார்புக்குப் பிறந்த தேதி மட்டும் போதாது. இன்றையத் தேதியையும் கையில் கொடுக்கவேண்டும்.

இதில் ஒரு சௌகரியம் உண்டு. உள்ளே இருக்கிறவனுக்கு அந்தச் சீட்டுத்தான் வேதம். 2028 பிப்ரவரி 29 என்று எழுதிக் கொடுத்தால் அவன் அந்த நாளில் வாழ்வான். 2038 ஜனவரி 19 என்று கொடுத்தால் அங்கே வாழ்வான். அன்று நம் நேரம் காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடிக்கு மேல் பழைய கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் விநாடி எண்ணும் இடம் நிரம்பிப்போய், காலம் 1901-க்குத் திரும்பிவிடும் என்று பயப்படுகிறார்கள். என் மருமகப்பிள்ளை தன் ப்ரோகிராமை அந்த நாளில் ஆயிரம் தடவை உட்கார வைத்துப் பார்த்திருக்கிறானாம். நாட்களை அளவில்லாத எண்ணாக வைத்திருப்பதால் அது சௌக்கியமாக இருக்கிறதாம்.

இந்த வித்தையைத்தானே நாவலாசிரியர்களும் செய்துகொண்டிருக்கிறோம்! கதைக்குள்ளே இருக்கும் பெண் ஜன்னலை எட்டிப் பார்த்து நிஜமான மணியைத் தெரிந்துகொள்ள முடியாது. நாம் கொடுக்கும் சீட்டில் மார்கழி என்றிருந்தால் அவளுக்குக் குளிரும். அவளுடைய நேற்றை மூன்றாம் அத்தியாயத்தில் எழுதி அச்சுக்கும் கொடுத்துவிட்டால், பதினெட்டாம் அத்தியாயத்தில் போய்த் திருத்த முடியாது. திருத்தினால் வாசகர் கடிதம் வரும். தொடர்கதைகளில் பதினோரு மாதம் கர்ப்பமாயிருந்த கதாநாயகிகளை வாசகர்கள் எண்ணி எண்ணிப் பிடித்திருக்கிறார்கள். புதிதாக இன்னொரு நாளைத்தான் அவளுக்குக் கொடுக்கலாம். அதைக் கொடுக்கத் தெரிவதற்குத்தான் இத்தனை வருஷமும் எழுதிக்கொண்டிருப்பது.

இந்தக் கட்டுரை திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டிருக்கிறார். எந்த ஊர்த் திங்கட்கிழமை என்று அவர் சொல்லவில்லை. ஹொனலூலுவில் திங்கட்கிழமை முடியும்போது இங்கே செவ்வாய் பிற்பகல் 3-30. மருமகப்பிள்ளையிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுவிட்டேன்.